அம்மாவின் அரிக்கேன் விளக்கு

கோட்டாறு சவேரியார் பேராலயத்திலிருந்து ஆரல்வாய்மொழி காற்றாடிமலை வரை செருப்பில்லாமல் நடந்துபோய், கிறிஸ்தவ நம்பிக்கைக்காக மறைசாட்சி தேவசகாயம் உயிர்விட்ட பாறையருகில் எங்கள் வீட்டு அரிக்கேன் விளக்கை ஏற்றுவதாக அம்மா நேர்ந்திருந்தார். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கரையை அடித்தபோது தம்பி விசைப்படகில் ஆழ்கடலில் இருந்தான். ஒன்பதாம் நாள் லட்சத்தீவு வழியாக அவன் உயிரோடு திரும்பினான். அம்மாவின் முழங்கால்கள்தாம் இடங்கொடுக்கவில்லை. கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில், அடுத்த முறை ஆகட்டும் என்று ஆண்டுதோறும் தள்ளிப்போட்டு, சென்ற ஆண்டு தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்துவிட்டார். நேர்ச்சைக்கடன் எங்கள் இருவர் தலையில் வந்தது.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து மாவட்டமே பல நாள் இருண்டு கிடந்தபோது, அம்மா அந்தி தோறும் அதைத் துடைத்து, திரியை வெட்டி, வாசல் ஆணியில் மாட்டுவார். கடலிலிருந்து வருகிறவன் கண்ணுக்கு அந்த வெளிச்சம் எட்டாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பக்கத்து வீட்டு அக்காளின் மகனும் கடலில் இருந்தான். அவர்கள் வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்தபோது, எங்களிடம் இருந்ததில் சரிபாதியை அம்மா ஊற்றிக் கொடுத்தார். விளக்கோடு மணமகனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னியர் உவமை கோயிலில் வாசிக்கப்படும் ஞாயிறுகளில், எண்ணெய் இல்லாத மற்ற ஐவருக்குத் தர மறுத்து, கடைக்குப் போய் வாங்கச் சொன்ன ஐந்து பேரைப் பற்றி அம்மாவுக்கு எப்போதும் ஒரு மனத்தாங்கல் உண்டு. நம் ஆயத்தத்தை இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்க முடியாது என்பதுதான் அதன் பொருள் என்று நான் விளக்கிப் பார்த்தேன். "இருக்கட்டும் மக்களே, ஆனாலும் இருட்டுல கடைக்கு அனுப்பியிருக்க வேண்டாம்" என்பதே அவருடைய தீர்ப்பு. அக்காளின் மகன் திரும்பவில்லை.

டிசம்பர் 2 அன்று விடியுமுன் கோட்டாறு போய்ச் சேர்ந்தோம். திருவிழாக் கூட்டத்தைச் சொல்லி முடியாது. ரசீது தராமல் வண்டிக்குக் காசு வாங்கிய இளைஞன் ஒருவன். மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் கையில் திணித்து, வாங்காவிட்டால் முகம் சுளிக்கிற வியாபாரிகள் ஒரு பக்கம். "எங்களிடம் விளக்கே இருக்கிறது" என்று நான் சற்றுப் பெருமையாகவே சொல்லி விலகினேன். உள்ளே, தேவசகாயத்தை அடக்கம் செய்த இடத்தருகே நின்று ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்தவர்கள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒழுகினசேரி, தேரேகால்புதூர், வெள்ளமடம் கடந்து தோவாளைக்கு வந்தபோது பூச்சந்தையின் மணம் சாலை வரை இருந்தது, கால்களோ கொப்பளித்திருந்தன. லாரிகள் உரசிக்கொண்டு போகிற அந்த நெடுஞ்சாலையில் நடப்பதே ஒரு தவம்தான். தம்பி விளக்கை ஒரு குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தான். மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்ட காலம் என்பதால், வள்ளம் ஓட்டும் நண்பனிடம் கேட்டு அவன் அதை வயிறு நிரம்ப நிரப்பியிருந்தான்.

நடக்கையில் என் நினைவெல்லாம் தேவசகாயத்தின் மீதே இருந்தது. நட்டாலத்தில் 1712இல் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் படையில் இருந்த டச்சுக்காரர் டி லனாய் சொன்ன விவிலியத்து யோபுவின் கதையில் மனம் பறிகொடுத்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர், 1749இல் கைதானார். 1752 சனவரி 14 அன்று இந்த மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உயிர்விட்ட இரவை எல்லாரும் பேசுகிறோம். விலங்கோடு கழிந்த அந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளை அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்றோ நாளையோ என்று தெரியாமல், அத்தனை விடியல்களிலும் எழுந்து செபித்து, தம்மைத் தேடி வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு, கடைசி நாள் என்பது முந்தைய நாளைப் போன்ற இன்னொரு நாளாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அம்மா அந்தி தோறும் திரி வெட்டியதை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

காற்றாடிமலையில் கூட்டம் இல்லை. அவர் முழந்தாளிட்டுச் செபித்த தடம் என்று மக்கள் தொட்டு வணங்கும் பாறையருகில் விளக்கை இறக்கி வைத்தோம். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். தீப்பெட்டி இல்லை. தம்பியிடமும் இல்லை. குடை, தண்ணீர், கட்டுச்சோறு, காயத்துக்குத் தைலம் என்று எல்லாவற்றையும் எடுத்து வந்த நான் அதை மட்டும் மறந்திருந்தேன். எண்ணெய் நிறைந்த விளக்கை வைத்துக்கொண்டு தீ இல்லாமல் நின்ற என்னை அம்மா பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

சற்றுத் தள்ளி, முந்தானையால் மறைத்தபடி மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்களைக் கவனித்துவிட்டு, "இதுல இருந்து பத்தவைங்க மக்களே" என்று அருகில் வந்தார். தம்பி கண்ணாடியைத் தூக்கினான். திரி பற்றிய அதே நொடியில் ஆரல்வாய்மொழிக் காற்று அவருடைய மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டது. தம்பி உடனே மறுபடியும் கண்ணாடியைத் தூக்கி, எங்கள் சுடரிலிருந்து அவருக்குப் பற்றவைத்துக் கொடுத்தான். அதற்குமேல் எனக்கு எந்தச் செபமும் வாயில் வரவில்லை. ஆண்டவரே, இவனைத் திருப்பித் தந்தீரே, திருப்பித் தந்தீரே என்று அதையே எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. முழங்காலில் விழுந்து கிடந்தேன், தம்பியும் அழுதான். வியாகுல அன்னையின் ஆலயத்துக்குள் போனதும், அங்கே என்ன பார்த்தோம் என்பதும் தெளிவாக நினைவில் இல்லை.

பேருந்தில் ஏறும்போது விளக்கை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தோம். ஊருக்கு வந்தபோது இருட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது இரவில் அணைவதே இல்லை. விளக்கை எங்கள் வாசல் ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்து, அக்காள் படியிறங்கி வந்தார்.

"எண்ணெய் மிச்சம் இருக்கா மக்களே?"

"பாதிக்கு மேல இருக்கு அக்கா" என்று சொல்லிக்கொண்டே அவன் மூடியைத் திருகினான்.