செங்கோட்டையில் இரண்டு நாள்: ஓர் ஏற்பாட்டு நாட்குறிப்பு

ஜூலை 14, 2024, ஞாயிறு

எல்லைத் தமிழ், அதாவது தமிழ்நாடு-கேரள எல்லையோரத்தில் பேசும் தமிழ் பற்றிய கருத்தரங்கு செங்கோட்டையில்தான் என்று இன்று முடிவானது. திருநெல்வேலியில் வைத்தால் அரங்கும் லாட்ஜும் சுலபமாகக் கிடைக்குமே என்று இரண்டு பேர் கேட்டார்கள். அது உண்மைதான். ஆனால் இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அன்றைக்குத் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களோடு எங்கள் தாலுகாவின் பெரும்பகுதியும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. தேவிகுளமும் பீருமேடும் கேரளப் பக்கமே நின்றன. அங்கே இருக்கும் நம் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தங்கும் இடமும் போக்குவரத்தும் என் பொறுப்பு. கட்டுரை வாசிப்பவர்களும் கேட்க வருபவர்களுமாக 64 பேர். ஒரு நோட்டில் எல்லோர் பெயரையும் எழுதிவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

தேதி குறிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் பாதி வாடகைக்கே கிடைக்கும். ஆனால் குற்றாலத்தில் சீசன். தென்காசி வரைக்கும் ஒரு ரூம் மிச்சமிருக்காது. ஆவணி முழுக்க முகூர்த்தம், நடுவில் கேரளாக்காரர்களுக்கு ஓணம். ஐப்பசியில் அடைமழை தொடங்கிவிடும். கார்த்திகை பிறந்தால் ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை போகும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் தை வரை ஓயாது.

கடைசியில் மண்டபத்து மேனேஜர் அண்ணாச்சிதான் வழி சொன்னார். "புரட்டாசில வைங்க டீச்சர். கல்யாணமும் இல்ல, சீசனும் முடிஞ்சிரும். பாதிப் பேரு கவுச்சி தொடமாட்டாங்க, சமையல் செலவும் கம்மி." செப்டம்பர் 28, 29. காலாண்டுத் தேர்வு 27-ம் தேதி முடிகிறது. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று கூட்டத்தில் நான் குரலை உயர்த்திவிட்டேன். பேராசிரியர்களுக்குக் குற்றாலத்தில் ஏசி ரூம், மற்றவர்களுக்கு மண்டபத்தில் ஜமுக்காளம் என்று பட்டியலை இரண்டாகப் பிரித்து ஒருவர் எழுதி வந்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதினார், பணமும் குறைவுதான். ஆனால் அந்த 'மற்றவர்கள்' யார்? தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளிய பெண்கள். பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழிப் பள்ளிக்கூடத்துக்காக அலைந்தவர்கள். அவர்கள் பேச்சைப் பற்றித்தான் இந்தக் கருத்தரங்கே. அவர்களைத் தரையில் படுக்கவைத்துவிட்டு அவர்கள் தமிழைப் பற்றி மேடையில் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

இரண்டு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு இப்படி முடிந்தது: வயதுதான் கணக்கு, பதவி இல்லை. அறுபது தாண்டியவர்களுக்குக் கட்டில், மேற்கத்திய கழிப்பறை உள்ள அறை. அடுத்து கைக்குழந்தையோடு வருபவர்கள். மீதிப் பேருக்கு மண்டபத்து மாடியில் மெத்தை. மணமகள் அறை பீருமேட்டிலிருந்து வரும் மூன்று பாட்டிமார்களுக்கு.

செப்டம்பர் 8, ஞாயிறு

ரயில் விஷயம். சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பொதிகை போதும், காலையில் வந்து இறங்கிவிடலாம். கொல்லம் எக்ஸ்பிரஸில் வந்தால் விடியுமுன்பே இறங்க வேண்டியிருக்கும். திரும்பிப் போவதுதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமைப் பொதிகைக்கு எல்லோரும் போட்டி போடுவார்கள். அதனால் ஜூலையிலேயே எல்லோரிடமும் வயது விவரம் வாங்கி நானே டிக்கெட் எடுத்துவிட்டேன். மாலை ஆறு மணிக்கு மேல்தான் வண்டி, நிறைவுக் கூட்டத்தை நான்கு மணிக்குள் முடித்தாக வேண்டும். பேசுபவர்களிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒன்பது பேர் பாலருவி எக்ஸ்பிரஸில் வருகிறார்கள். கொல்லம், புனலூர் வழியாக மலையேறி இங்கே வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். ராத்திரியாக இருந்தாலும் கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். 1904-ல் ரயில் வந்த காலத்துப் பாலம். அகலப் பாதை வேலைக்காகப் பல வருஷம் நின்றிருந்த ரயில் 2018-ல்தான் திரும்ப ஓடியது. அது ஓடாமல் இருந்திருந்தால் இந்த ஒன்பது பேரும் பஸ்ஸில்தான் மலையேறி வந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மனசு சரியில்லை. ஆறு அறை தருவதாக அட்வான்ஸ் வாங்கியிருந்த லாட்ஜில், டூர் பஸ் ஒன்றுக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டோம் என்று போனில் சொன்னார்கள். பணம் திரும்பி வந்தது, அறைக்கு எங்கே போவது? இன்னும் ஆறு நாள்.

மாலையில் எங்கள் தெருவில் நடந்தேன். வெட்கப்படாமல் வீடு வீடாகக் கேட்டேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மாடி பூட்டியே கிடக்கும் வீடுகள் எத்தனை! மேலவீட்டு மதினி இரண்டு அறை தந்தாள். "எங்க மாமியாளுக்கு ஊரு புனலூருதானே, அந்தப் பக்கத்து ஆளுக வந்தா எனக்குச் சந்தோசம்" என்றாள். இருட்டுவதற்குள் ஏழு அறை சேர்ந்துவிட்டது. முதலிலேயே இங்கே வந்து கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 26, வியாழன்

மெத்தை, தலையணை, பெட்ஷீட் வந்து இறங்கின. பெட்ஷீட்டுகளை நானே மோந்து பார்த்து, பதினோரு விரிப்பைத் திருப்பி அனுப்பினேன். மாடியில் நான்கு குளியலறைதான், அதனால் வெந்நீர் அண்டா பின்கட்டில். பெண்கள் பக்கம் ஒரு பல்பு எரியவில்லை, மாற்றியாயிற்று.

காரில் வருபவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: ஆரியங்காவிலிருந்து புளியரை இறங்கும் 'எஸ்' வளைவில் ராத்திரியில் லாரி வரிசை நிற்கும், பகலிலேயே கடந்துவிடுங்கள். அருவிக்குக் கூட்டிப் போவீர்களா என்று சிலர் கேட்டார்கள். நிகழ்ச்சியில் அதைச் சேர்க்கவில்லை. இந்த மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு பையன் போனது என் கண்ணை விட்டு அகலவில்லை. அறிமுகமில்லாதவர்களை அழைத்துவந்து தண்ணீரில் விட எனக்குத் தைரியம் இல்லை.

செப்டம்பர் 28, சனி, விடிகாலை

பாலருவி வந்துவிட்டது. இரண்டு ஆட்டோவோடு ஸ்டேஷனில் நின்றேன். ஒன்பது பேர் வர வேண்டிய இடத்தில் பதினொரு பேர் இறங்கினார்கள். "ஆசைப்பட்டாங்க, கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார் ஒருவர் தயங்கித் தயங்கி. வாங்க வாங்க என்றேன், வேறென்ன சொல்ல. மண்டபத்து வாட்ச்மேன் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சுக்குக்காப்பி சூடாக இருந்தது.

பீருமேட்டுப் பாட்டிமார்கள் நேற்றுச் சாயங்காலமே குமுளி இறங்கி, கம்பம், தேனி, ராஜபாளையம் வழியாக மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள். மணமகள் அறைக் கண்ணாடியைப் பார்த்து ஒருத்தி, "எங் கல்யாணத்துக்குக்கூட இப்படி ரூமு இல்ல கண்ணு" என்றாள். நான் பதில் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 30, திங்கள், இரவு

நிறைவுக் கூட்டம் நேற்று நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே முடிந்தது. பொதிகையில் போக வேண்டிய எல்லோரும் ஏறிவிட்டார்கள். இன்று காலை பாட்டிமார்களைத் தென்காசியில் பஸ் ஏற்றிவிட்டு, இட்லிப் பொட்டலமும் தண்ணீரும் கொடுத்து அனுப்பினேன். தலையணைகளை எண்ணிக் கொடுத்ததில் ஒன்று குறைகிறது, அதற்குக் காசு கொடுத்தாயிற்று.

எட்டரைக்கு போன். வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். மலையில் நல்ல மழையாம். நோட்டை எடுத்துக் கடைசி மூன்று பெயருக்கும் டிக் போட்டேன். இப்போது பட்டியலில் 66 பேர்.