கையை விடு!

பன்னிரண்டு வயதில் விழுப்புரத்தில், வாடகை சைக்கிளை இரண்டு கையையும் விட்டு ஓட்டியதற்காக அம்மாவிடம் துடைப்பக்கட்டையால் அடி வாங்கியவன் நான். 41 வயதில் அதையே கற்றுக்கொள்ள வான்கூவரில் காசு கட்டிச் சேர்ந்தேன். ஒரே வித்தியாசம், இதை அந்தரத்தில் செய்ய வேண்டும்.

வினை, வான்கூவருக்கு வடக்கே உள்ள பனிச்சறுக்கு மலையூரான விஸ்லரில் ஆரம்பித்தது. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களை ஏற்றும் லிஃப்ட், கோடையில் மவுண்டன் பைக்குகளை மேலே கொண்டுபோகும். அங்கே ஏ-லைன் என்கிற பாதையில் மண்மேடு மண்மேடாகத் தாவி இறங்குவார்கள். ஒருவன் என் கண்ணெதிரே பறந்தபடியே கையை விரித்தான், கருடசேவை மாதிரி. சரி, நமக்குத்தான் சின்ன வயசிலேயே வந்த வித்தையாச்சே என்று நினைத்தேன்.

இந்த வித்தைக்குப் பெயர் டக் நோ-ஹேண்டர். சரிவின் விளிம்பை விட்டதும் ஹேண்டில்பாரை வயிற்றுக்கு இழுத்து மடியில் இடுக்கிக்கொண்டு கையை விட வேண்டும். சைக்கிள் கீழே இறங்குவதற்குள் மறுபடி பிடித்துவிடவும் வேண்டும், அதுதான் முக்கியம். பயிற்சிக்குத் தந்த சைக்கிளுக்கு 26 அங்குலச் சக்கரம், கியர் கிடையாது, பின் பிரேக் மட்டும். சீட்டு முழங்காலுக்குக் கீழே. பிள்ளையின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு வந்தவன் மாதிரி இருந்தேன்.

சொல்லிக்கொடுத்தவனுக்குப் பத்தொன்பது வயது இருந்தால் அதிகம். தரையில் நின்றபடி பத்து முறை செய்யச் சொன்னான். பிரமாதமாகச் செய்தேன். அப்புறம் சரிவில் ஏறினேன். "விடு! விடு!" என்று கத்தினான். மனசு விட்டது, விரல் விடவில்லை. அப்படியே சைக்கிளோடு, விழுந்தால் அடிபடாமலிருக்க ஸ்பாஞ்ச் துண்டுகளை நிரப்பி வைத்திருந்த குழிக்குள் போனேன்.

விழுவது சுகம்தான். வெளியே வருவதுதான் பாடு. காலை ஊன்றினால் ஸ்பாஞ்ச் துண்டுகள் உள்ளே இழுக்கின்றன. புதைமணலில் சிக்கிய எருமை மாதிரி உருண்டு புரண்டு கரையேறினால், ஒரு ஷூ காணோம். அதைத் தேட மறுபடி இறங்கினேன். பின்னால் வரிசையில் நின்ற எட்டு வயதுக் குட்டி கொட்டாவி விட்டாள்.

பதினான்காவது தாவலில் கை விட்டேன்! சத்தியமாக விட்டேன். மகள் வீடியோகூட எடுத்திருந்தாள்.

ராத்திரி மனைவி அதை நிறுத்தி நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, நாலு விரல்தான் வந்திருக்கு. கட்டைவிரல் இன்னும் பிடிச்சிட்டுத்தான் இருக்கு."