கடைசி ஒரு சதவீதம்

இரண்டு வாரமாக ஒரே விரிசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணினிக்குள் இருக்கும் விரிசல்தான். 9 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு, 600 டிகிரி செல்சியஸ், ஒரு பக்கம் வெட்டுவாய் போட்ட சோதனைத் துண்டு. கணக்குப் போட அந்தத் துண்டைச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் வலைதான் மெஷ், ஒவ்வொரு கட்டமும் ஒரு எலிமென்ட். எலிமென்ட் அளவைப் பாதியாக்கினேன். விரிசல் வேகமாக ஓடியது. மறுபடியும் பாதியாக்கினேன், இன்னும் வேகம். உலோகமும் சுமையும் அதேதான். நான் கட்டம் போட்ட விதம் மட்டுமே மாறியிருந்தது.

கிரீப் என்றால் சூட்டில், சுமையின் கீழ் உலோகம் மெதுவாக நீண்டுகொண்டே போவது. அதில் வரும் சேதத்தை சோவியத் இயந்திரவியல் அறிஞர் கச்சானோவ் 1958-இல் ஒரே எண்ணில் அடக்கினார். இன்று எழுதும் வழக்கப்படி புதுத் துண்டில் அது 0, முறியும்போது 1. சேதம் கூடினால் சுமை தாங்கும் பரப்பு குறையும், மிச்சப் பரப்பில் தகைவு (ஒரு அலகுப் பரப்பு தாங்கும் விசை) ஏறும், அது சேதத்தை மேலும் விரட்டும். சுமை மாறாத ஒரு கம்பிக்கு, சேத வேகம் தகைவின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதி ஆயுளில் சேதம் 0.11தான். 90 சதவீத ஆயுளில் 0.32. 99-இல்கூட 0.54. மிச்சமெல்லாம் கடைசி ஒரு சதவீதத்தில்! எத்தனை முறை போட்டாலும் இந்த எண்கள் என்னை உலுக்கிவிடும்.

சரி, விரிசலுக்கு வருவோம். முனையை நெருங்க நெருங்கத் தகைவு ஏறுகிறது. எலிமென்ட் சிறிதாக இருந்தால் அந்த உச்சத்தை அது அதிகமாக உணரும், சீக்கிரம் சாகும், அடுத்தது மாட்டும். சேதம் முழுக்க ஒரே வரிசைக்குள் ஒடுங்கிவிடுகிறது.

நிஜ எஃகில் அப்படி இல்லை. உலோகத்தை ஆக்கும் சிறு படிகமணிகளின் எல்லைகளில், முக்கியமாக இழுவிசைக்குக் குறுக்கே இருப்பவற்றில், நுண்ணிய குழிகள் பிறந்து, பெருத்து, ஒன்றோடொன்று சேர்கின்றன. அதற்குச் சில மணிகளின் அகலமாவது வேண்டும். அந்த நீளம் என் மாடலில் எங்குமே இல்லை. அதனால் ஒவ்வொரு புள்ளியின் சேத வேகத்தையும் அக்கம்பக்கத்தோடு சேர்த்துச் சராசரி எடுத்தேன். இப்போது மெஷ்ஷைப் பாதியாக்கினாலும் விரிசல் வளர்ச்சியின் வளைகோடு அசைவதில்லை.

ஆனால் சராசரி எடுக்கும் ஆரம் எவ்வளவு? சோதனை வளைகோட்டோடு பொருந்தும்வரை திருகிப் பார்த்தேன், அழகாகப் பொருந்தியது. அப்புறம் அந்த ஃபைலை அழித்துவிட்டேன். உலோகத்தைக் கேட்காமல் தேர்ந்தெடுத்த எண் அது. முறியும் முன்பே சோதனையை நிறுத்தி எடுத்து வைத்த துண்டு ஒன்று இருக்கிறது. அதை அறுத்து, மெருகேற்றி, விரிசல் முனைக்கு முன்னால் குழிகள் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்று நுண்ணோக்கியில் அளக்கப் போகிறேன்.