ஷார்ட்ஸ்டாப்புக்கு முன்னால் இருந்த மண்

பேஸ்பால் ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட், ரன்னுக்கு முந்தைய கடைசி நிறுத்தமான மூன்றாவது பேஸில் ஒருவர் நிற்கிறார். மதியம் பெய்த மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மட்டையில் பட்ட பந்து தரையோடு, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பை நோக்கி ஓடியது. அந்தப் பையன் பந்துக்கு நேராக வந்து, குனிந்து, கையுறையைத் தரையில் பதித்துக் காத்திருந்தான். கடைசி நொடியில் பந்து எழும்பி, அவன் மணிக்கட்டில் பட்டு, இடப்பக்கப் புல்வெளிக்குப் போய்விட்டது. மூன்றாவது பேஸில் நின்றவர் ஓடிவந்து ரன் எடுத்தார். இரண்டு அணிக்காரர்களும் என் மேசை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அடித்தவர் சம்பாதித்த ஹிட்டா, பிடிக்க வேண்டியவர் கோட்டைவிட்ட எரரா? அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

மணிலாவில் வேலை பார்த்த காலத்தில், ஒரு முழு சீசன், சின்ன புரொஃபஷனல் பேஸ்பால் லீக் ஒன்றுக்கு ஸ்கோரராக இருந்தேன். வார நாட்களில் மக்காத்தியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. சனி, ஞாயிறு மைதானம். நான்கு அணிகள்தான். மார்ச்சில் தொடங்கி ஜூன் கடைசி வரை ஆட்டம். நான் கிள்ளானில் பள்ளிக்கூடத்தில் சாஃப்ட்பால் ஆடி வளர்ந்தவன். மலேசியப் பள்ளிகளில் அது சாதாரணம். அதனால் ஆட்டம் எனக்குப் புதிதில்லை. ஆனால் ஆடுவது வேறு, எழுதுவது வேறு.

பிலிப்பைன்ஸில் பேஸ்பாலுக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வயது. அமெரிக்கர்கள் வந்தபோது கூடவே வந்த ஆட்டம் அது. 1934-ல் அமெரிக்க நட்சத்திரங்களான பேப் ரூத்தும் லூ கெரிக்கும் மணிலாவின் ரிசால் மெமோரியல் அரங்கில் ஆடியிருக்கிறார்கள். 1954-ல் முதல் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டி அதே நகரத்தில் நடந்தபோது கோப்பையை வென்றது பிலிப்பைன்ஸ்தான். அப்புறம் நாடே கூடைப்பந்துப் பக்கம் போய்விட்டது. இன்று எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு கூடைப்பந்து வளையம் தொங்கும். பேஸ்பாலுக்கு மைதானம் கிடைப்பதே பெரிய பாடு. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 2005, 2011, 2019 என்று தங்கம் வாங்கியபோதும், சில நாள் பேச்சோடு முடிந்துபோனது. இந்தச் சூழலில் ஒருவன் பேஸ்பால் ஆடிச் சம்பாதிக்கிறான் என்றால், அவனுக்குச் சாட்சியாக இருப்பது அவனுடைய எண்கள் மட்டுமே. தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லை. மறுபடி போட்டுப் பார்க்க வீடியோ இல்லை. என் தாளில் இருப்பதுதான் நடந்தது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிரிக்கெட்டில் ஒருவர் கேட்சைக் கோட்டைவிட்டால் ஸ்கோர் அட்டையில் அதற்கென்று ஓர் இடம் கிடையாது. பேஸ்பாலில் அது அவர் பெயருக்கு நேரே எரர் என்று பதிவாகும். இத்தனைக்கும் பேஸ்பால் ஸ்கோர் எழுதும் முறைக்கு வழிபோட்டவர் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். ஒவ்வோர் ஆட்ட இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பந்தை எறியும் பிட்சர் 1, மட்டைக்காரருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர் 2, ஷார்ட்ஸ்டாப் 6. அந்த எண்களை வைத்தே ஆட்டம் முழுவதையும் எழுதிவிடலாம். 6-4-3 என்று எழுதினால் போதும். ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாவது பேஸ்காரருக்கு எறிந்தார், அவர் முதல் பேஸுக்கு எறிந்தார், இரண்டு பேர் அவுட். ஆட்டத்தைப் பார்க்காத ஒருவர் பத்து வருடம் கழித்துப் படித்தாலும் பந்து போன பாதை அவர் கண்முன் வரும்.

ஆட்டம் முடிந்ததும் கணக்கு நேராக வேண்டும். ஓர் அணியினர் மட்டை பிடிக்க வந்த தடவைகளின் மொத்த எண்ணிக்கை, அந்த அணி எடுத்த ரன்கள், பேஸில் மிச்சமாக நின்றவர்கள், எதிரணி எடுத்த அவுட்கள், இந்த மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எங்கோ பிழை. கணக்குக்காரனான எனக்கு, இரவு ஒன்பது மணிக்கு, காலியான அரங்கில், அந்த இரண்டு தொகைகளும் ஒத்துப்போகும் நேரம் அவ்வளவு பிடிக்கும். மைதானத்துக்கு வெளியே ஓர் அம்மா லுகாவ் விற்பார். இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி, நம் வீட்டுக் கஞ்சியேதான். அதைக் குடித்தபடி கூட்டிக்கொண்டிருப்பேன்.

ஆனால் ஹிட்டா எரரா என்பதைக் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சாதாரண முயற்சியில் எடுத்திருக்கக்கூடிய பந்தை விட்டால் எரர் என்கிறது விதிப்புத்தகம். சாதாரண முயற்சி என்றால் என்ன என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது: அந்த லீக்கில், அந்த இடத்தில் ஆடும் சராசரித் திறமையுள்ள ஒருவர் காட்ட வேண்டிய முயற்சி. தரையின் நிலையையும் வானிலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது. அந்த லீக்கில் என்கிறது. எங்கள் லீக்கோ அன்றுதான் பிறந்திருந்தது. அதற்குச் சராசரி என்று எதைச் சொல்வது?

முதல் மூன்று வாரம் நான் பண்ணியது தவறு. என் கண்ணுக்குப் பழகியிருந்தது தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்க ஆட்டம். அங்கே ஷார்ட்ஸ்டாப் எடுக்கும் பந்தை இங்கேயும் எடுத்தாக வேண்டும் என்று எனக்குள் ஓர் அளவுகோல் இருந்தது. எரர், எரர் என்று எழுதித் தள்ளினேன். எங்கள் லீக்கில் ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்குள் ஸ்கோரர் தன் தீர்ப்பை மாற்றலாம். அதற்குப் பிறகு அவரால் தொட முடியாது. நான் விழித்துக்கொண்டபோது அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. அந்த மூன்று வாரத் தாள்களில் அநியாயமாக எழுதப்பட்டவை என்று இன்று நான் நினைக்கும் எரர்கள் பல இருக்கின்றன. யார் யார் பெயருக்கு நேரே என்பதும் எனக்குத் தெரியும். அது இன்னும் உறுத்துகிறது.

நான்காவது வாரத்திலிருந்து இரண்டு மணி நேரம் முன்னதாகவே மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். பயிற்சியில் கோச் தரையோடு பந்தை அடித்துக்கொண்டே இருப்பார். நான்கு அணியின் ஷார்ட்ஸ்டாப்களும் எந்தப் பந்தைத் தூங்கிக்கொண்டே எடுக்கிறார்கள், எந்தப் பந்தைப் பத்தில் ஐந்து முறைதான் எடுக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். மே மாதத்தில் எனக்கு ஒரு சராசரி கிடைத்தது. இந்த லீக்கின் சராசரி. மிகச் சிறந்த ஆட்டக்காரன் எடுப்பான் என்பது வேறு, இவர்களில் பெரும்பாலோர் எடுப்பார்கள் என்பது வேறு. இது பிடிபட்ட பிறகு என் கை நடுங்கவில்லை.

அப்புறம் மழை வந்தது. அங்கே ஹபாகாட் என்பார்கள், தென்மேற்குப் பருவக்காற்று. ஏப்ரலில் சிமெண்டுத் தரை போல இருந்த மண் ஜூனில் சேறு. தார்ப்பாய் எல்லா இடத்துக்கும் போதவில்லை. கையுறைகளில் பூஞ்சை பூத்தது. நான் கஷ்டப்பட்டுச் சேர்த்த சராசரி இந்தத் தரைக்குப் பொருந்துமா என்று மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆறாவது இன்னிங்ஸின் அந்தப் பந்து. நான் எரர் என்று சொன்னேன். அடுத்தவர் இரண்டு பேஸ் ஓடும்படி டபுள் அடித்தார், அதற்கடுத்தவர் ஒரு பேஸ் ஓடும்படி சிங்கிள். மொத்தம் மூன்று ரன். அந்த எரர் நடக்காவிட்டால் மூன்றாவது அவுட்டோடு இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்கும் என்பதால், மூன்று ரன்னும் பிட்சர் கணக்கில் சேராது. அதையே ஹிட் என்று எழுதினால் மூன்றும் அவர் தலையில். ஒருவரை விடுவித்தால் இன்னொருவர் சுமக்க வேண்டும்.

பிட்சருக்கு வயது 34. வார நாட்களில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். அடுத்த சீசனுக்கு யாரை வைத்துக்கொள்வது என்று அணிகள் பேச ஆரம்பித்திருந்த நேரம் அது. ஷார்ட்ஸ்டாப்புக்கு 21. அவனுக்கும் அதே கவலைதான்.

இரவு தூக்கம் வரவில்லை. பந்து எழும்பிய விதம் திரும்பத் திரும்ப வந்தது. காலை ஆறரைக்கு மைதானத்துக்குப் போனேன். மண்ணைச் சமப்படுத்தும் பெரியவர் அப்போதுதான் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடத்துக்கு முன்னால் குனிந்து பார்த்தோம். புல்லும் மண்ணும் சேரும் விளிம்பில், மழைநீர் அடித்துக்கொண்டு வந்த மண் ஒரு கைப்பிடி அளவுக்குக் கட்டியாக நின்றது. அதன் தலையில் பந்து பட்ட வட்டமான பள்ளம். பெரியவர் விரலால் தொட்டுக் காட்டினார். "இதை நேற்றே நான் வழித்திருக்க வேண்டும் குயா" என்றார். அவர் வயதுக்கு என்னை அண்ணன் என்று கூப்பிட வேண்டியதில்லை. வருத்தத்தில் வந்த மரியாதை.

பதினோரு மணிக்குத் தீர்ப்பை மாற்றி லீக் அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஹிட். மூன்று ரன்னும் பிட்சர் கணக்கில்.

அன்று மதியம் அவருடைய அணியிலிருந்து ஒருவர் போன் செய்து, யார் சொல்லி மாற்றினீர்கள் என்று கேட்டார். மண் சொல்லி மாற்றினேன் என்றேன். அவருக்கு அது போதவில்லை. குரல் உயர்ந்தது. நான் உயர்த்தவில்லை, ஆனால் தீர்ப்பையும் விட்டுக்கொடுக்கவில்லை. பிட்சர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கனமாக இருந்தது.

சீசனின் கடைசி ஆட்டம் முடிந்து, கணக்கு நேரான பிறகு, அவர் என் மேசைக்கு வந்தார். அந்த நாளின் தாளைப் பார்க்கலாமா என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஆறாவது இன்னிங்ஸ் கட்டத்தில் நான் அழித்து எழுதிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"மண் இருந்தது உண்மைதான் குயா. ஆனாலும் அவன் ஓர் அடி முன்னால் வந்திருந்தால் எடுத்திருப்பான்."

"அந்த ஓர் அடியை நம் லீக்கில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?" என்று கேட்டேன்.

யோசித்தார். "நான் பார்த்ததில் இரண்டு பேர்."

"நான் பார்த்ததில் ஒருவர்."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோளுக்கு ஐஸ் வைக்கப் போனார்.