அம்மா சொல்லாத இடம்

ஜூன் 3
பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டது. பேஜெட் நோய். தோலில் வரும் ஒருவகைப் புற்று. ஆசனவாயைச் சுற்றிய தோலில். அம்மாவிடம் "தோல் வியாதிதான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 4
நான்கு வருட அரிப்பு. என்னிடம்கூடச் சொல்லவில்லை. வேப்பிலைத் தண்ணீர், தேங்காய் எண்ணெய், படைக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பு. அவள் வாய் திறந்து சொன்ன ஒரே மருத்துவரும் பார்க்காமலேயே மூலத்துக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். பார்த்திருந்தாலும் படை என்றே நினைத்திருப்பாரோ? நானும் அப்படித்தான் நினைத்தேன். சிவந்து, கசிந்து, நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

ஜூன் 6
தூக்கமில்லை. லண்டனில் ஜேம்ஸ் பேஜெட் இதை முதலில் மார்பகக் காம்பில் கண்டு எழுதியது 1874இல். ஆசனவாய் அருகே வேறு மருத்துவர்கள் கண்டது 1893இல். அவ்வளவு பழைய நோய். அந்த மருத்துவர் பார்க்காமலேயே மாத்திரை எழுதினாரே!

ஜூன் 9
நாளை கொலோனாஸ்கோபி. உள்ளே மலக்குடலில் புற்று இருந்து, அதன் செல்கள் தோலுக்கு வந்திருக்கலாமாம். பேதி மருந்தை டம்ளர் டம்ளராகக் குடிக்கிறாள். ஒவ்வொரு முறையும் கழிப்பறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறாள்.

ஜூன் 10
குடலில் ஒன்றும் இல்லை. அம்மா தயிர்சாதம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜூன் 14
பயாப்சித் துண்டில் சிகே20, அதாவது குடல் செல்களில் இருக்கும் புரதம், நெகட்டிவ். குடலிலிருந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு. அப்பாடா.

ஜூன் 16
அறுவை மருத்துவரிடம் போனோம். நோய் மேல்தோலோடு நின்றிருந்தால் உயிருக்கு ஆபத்து குறைவு, ஆனால் வெட்டிய பிறகும் திரும்ப வரலாம், வருடக்கணக்கில் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார். ஆழமாக இறங்கியிருந்தால் ஆசனவாயையே எடுத்து, மலம் போக வயிற்றில் வழி வைக்க வேண்டியிருக்கும். புற்றுநோய் என்று அம்மா முன்னால்தான் சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்தே என்னை வளர்த்தவள், முதல்முறையாக வாய் திறந்தாள்: "நைந்த துணி கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்காது டாக்டர். நல்ல துணி எங்கே ஆரம்பிக்கிறது என்று எப்படிப் பார்ப்பீர்கள்?" அதற்காகத்தான் நல்லதாகத் தெரியும் தோலிலும் நாலாபக்கமும் சிறு சிறு துண்டெடுத்துச் சோதிக்கிறோம் என்றார்.

ஜூன் 17
ஓரம். ஓரம்.

ஜூன் 30
மூன்றரை மணி நேரம். பிட்டத்துத் தோலை நகர்த்தி மூடியிருக்கிறார்கள்.

ஜூலை 2
மலம் கழிக்கப் பயந்து சாப்பிட மறுக்கிறாள். கெஞ்சினேன், கத்தினேன், பிறகு வெளியே போய் அழுதேன்.

ஜூலை 8
ஆழம் போகவில்லை! மூன்று பக்கம் சுத்தம். இடப்பக்க ஓரத்தில் மட்டும் செல்கள் இருக்கின்றன. அவ்வளவு துண்டெடுத்துச் சோதித்தும். புண் ஆறியதும் இமிகுவிமாட் களிம்பு, வாரம் மூன்று நாள்.

ஜூலை 9
சித்தி போனில் என்ன வியாதி என்று கேட்டாள். நான் தடுமாறுவதைப் பார்த்து அம்மா போனை வாங்கினாள். இடத்தைப் பெயர் சொல்லியே சொன்னாள். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை.

ஆகஸ்ட் 19
களிம்பு போட்ட இடம் தீயாய் எரிகிறதாம். சிவந்திருப்பது மருந்தாலா, நோயாலா? டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்தேன். கையுறை தீர்ந்துவிட்டது, காலையில் வாங்க வேண்டும்.