ஒப்பந்தத்தில் ஐ.எஸ். 456: தூத்துக்குடியில் வீடு கட்டிய அனுபவம்

காண்ட்ராக்டர் முதலில் கொடுத்த ஒப்பந்தத்தில் கான்கிரீட்டுக்கு ஒரே வரிதான்: "1:1½:3 கலவை, தரமாகப் போட்டுத் தரப்படும்." (சிமென்ட், மணல், ஜல்லியின் பங்கு அது.) எங்கள் மனை தூத்துக்குடியில், கடலுக்குப் பக்கத்தில். அதே தெருவில் சன்ஷேடு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் வீடுகள் இருக்க, அந்த வரியை நம்பிக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

"எல்லாம் ஐ.எஸ். 456 படின்னு சேத்துருவோம் சார்" என்றார். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்திய தர நிர்ணய அமைவனத்தின் அந்த விதித்தொகுப்பை (2000-ஆம் ஆண்டுப் பதிப்பு) அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கிப் படிக்கலாம். படித்தால் தெரியும், எண்ணை மட்டும் எழுதுவதில் பயனில்லை. லேசான சூழலுக்கு எம்20 (28 நாளில் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்கும் கான்கிரீட்) போதும் என்பதும் அதில்தான் இருக்கிறது. கடற்கரைக் காற்று நேரடியாகப் படுமிடத்தில் குறைந்தது எம்30 வேண்டும் என்பதும் அதில்தான். நம் இடம் எதில் சேரும் என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோடு உட்கார்ந்து எழுதினோம். சூழல் 'சிவியர்' (கடுமையானது). எம்30. கன மீட்டருக்கு சிமென்ட் 320 கிலோவுக்குக் குறையக் கூடாது. தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது. கம்பிக்குக் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம், 45 மி.மீ.

பெரிய வாக்குவாதம் இந்தக் கவரில்தான். ஊரில் தளத்துக்கு 20 மி.மீ. கவர் பிளாக் வைத்தே பழக்கம். உப்பு கம்பியைத் தொட்டுவிட்டால் துரு ஊதிப் பெருத்து கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். அதைத் தள்ளிப்போடுவது இந்தக் கவர்தான். தளத்தின் கனத்தைக் கூட்டி வரைபடத்தை மாற்ற வேண்டியிருந்தது, செலவும் ஏறியது. கொடுத்தோம். எம்20-க்கு மேல், இப்படிப் பங்கு சொல்லிக் கலக்கும் அளவுக் கலவையை விதி ஏற்காது என்பதால் 1:1½:3 போய், ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் வந்தது.

தளம் போட்ட அன்று முதல் லாரி வந்ததும் ஆபரேட்டர் தண்ணீர் பைப்பைத் திறக்கப் போனார். "கொஞ்சம் தண்ணி காட்டுனா பம்புல வழுக்கிட்டுப் போகும்ணே." இன்ஜினியர் கையமர்த்திவிட்டு, கலவை எவ்வளவு இளக்கம் என்று அளக்கும் ஸ்லம்ப் கோனை வைத்துப் பார்த்தார்: 90 மி.மீ. ஆர்டரில் இருந்தது 100, கூடக்குறைய 25. தண்ணீருக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு லாரிக் கலவையிலும் என்ன எவ்வளவு என்று ஆலை தரும் பேட்ச் சீட்டில் கன மீட்டருக்கு சிமென்டும் சாம்பலும் (ஃப்ளை ஆஷ்) சேர்த்து 380 கிலோ, தண்ணீர் 165; வகுத்தால் 0.43. அந்தச் சீட்டை லாரிக்கு லாரி கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் தருகிறார்கள்.

பீமோடு சேர்த்து 34 கன மீட்டர். விதிப்படி 31 முதல் 50 வரை 4 மாதிரி, மாதிரிக்கு 3 கியூப் (அழுத்திச் சோதிக்கும் கான்கிரீட் கட்டி). ஏழாம் நாள் சோதனைக்குத் தனியாகவும் எடுத்தோம். எல்லாம் சைட்டில், எங்கள் கண் முன்னால் வார்த்து, தேதியும் கையெழுத்தும் போட்டவை. எந்த லேப் என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்வார் என்பதையும், கட்டணம் யாருடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால் சண்டை வரவில்லை.

ஏழு நாளில், தளத்தின் மேல் தண்ணீர் நிறுத்தக் கட்டிய பாத்தியை உடைக்கப் பார்த்தார்கள். சாம்பல் கலந்த கலவைக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் நிற்க வேண்டும், அதை 14 நாளாக நீட்டுவது நல்லது என்கிறது விதி. ஒப்பந்தத்தில் 14 என்றே இருந்தது, நின்றது.

28-ஆம் நாள் முடிவில் நான்கு மாதிரியின் சராசரி வலிமை சதுர மி.மீ.க்குக் குறைந்தது 33 நியூட்டன் இருக்க வேண்டும், எதுவும் 27-க்குக் கீழே போகக் கூடாது. இரண்டும் தேறின. தளத்துக்கான தவணையை அன்றைக்கே கொடுத்துவிட்டோம்.