மழைக்கு முன் குழி, மழைக்குப் பின் காவல்

மே 28

வறண்ட நிலத்தில் மரம் வளர்க்க வந்திருக்கும் எங்கள் குழு இன்று ஒரு கன்றுகூட நடவில்லை. நாள் முழுக்கக் கரையும் குழியும்தான்.

இந்த நிலத்தின் மேல்பரப்பு ஓடு போல இறுகிக் கிடக்கிறது. மழை பெய்தால் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். இருக்கிற கொஞ்ச மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். பாலைவனமாதல் என்றதும் எங்கிருந்தோ மணல்மேடு நகர்ந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. மரத்தை வெட்டி, அளவுக்கு மீறி மேய்த்து, ஓய்வே கொடுக்காமல் உழுது, வறண்ட நிலம் இருந்த இடத்திலேயே செத்துப்போகிறது.

அதனால்தான் முதல் வேலை மரம் அல்ல, தண்ணீரை நிறுத்துவது. பிறை வடிவில் கரை போட்டோம். பிறையின் வாய் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். சரிவில் வரும் நீர் அதற்குள் தங்கும், குழி அங்கேதான்.

ஜூன் 3

குழிகளில் தொழு உரம் போட்டோம். கரையான் வருமே என்று புதிதாக வந்த ஒரு தம்பி பயந்தான். வரட்டும் என்றோம். ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாஸோவின் விவசாயி யாகூபா சவாடோகோ 1980களில் கையாண்ட வழி இது. ‘ஸாய்’ எனப்படும் பழைய குழிமுறையை எடுத்து, குழியைப் பெரிதாக்கி, எருவும் தழையும் இட்டார். அதைத் தேடி வந்த கரையான்கள் இறுகிய மண்ணைத் துளைத்தன. அந்தத் துளைகள் வழியே நீர் இறங்கியது. தானியம் விளைந்தது, கூடவே மரங்களும் முளைத்தன. ஊரே அவரைப் பைத்தியம் என்றது. 2023இல் அவர் காலமானபோது பின்னால் ஒரு காடே நின்றது. குழி வெட்டிக் கை எரியும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 17

பாலைவனமாதலுக்கு எதிரான உலக நாள். இதற்கான ஐ.நா. உடன்படிக்கை 1994இல் இதே தேதியில்தான் ஏற்கப்பட்டது. தன்னார்வலர்கள் கூட்டமாக வந்தார்கள், ஆளுக்கொரு கன்று நடும் ஆசையோடு. மழை இன்னும் வரவில்லை. குழுவை நடத்தும் அக்கா, “ஈரம் இல்லாத மண்ணுல வைக்க மாட்டேன்” என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். சிலருக்கு முகம் வாடியது. எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது. வந்தவர்களை மூடாக்குக்கு, அதாவது செடியடி மண்ணை மூடுவதற்கு, காய்ந்த தழை சேர்க்க அனுப்பினோம்.

ஜூன் 29

இரண்டு நாள் நல்ல மழை. பிறைகளில் தண்ணீர் நின்றது! நட ஆரம்பித்தோம்.

பையைக் கிழித்ததும் சுருண்ட வேரை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது பையின் வடிவத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மண்ணை நன்றாக மிதித்து இறுக்க வேண்டும். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. ஒரே இனமாக வைக்கவில்லை, நெருக்கியும் வைக்கவில்லை. 1978இல் சீனா தொடங்கிய பெரும் காப்புக்காட்டுத் திட்டத்தில், சில பகுதிகளில் பாப்ளர் மரங்களை மட்டுமே வரிசை வரிசையாக வைத்தார்கள்; வண்டு தாக்கியதும் அவை கூட்டமாகப் பட்டுப்போயின. மணலில் வைக்கோலைக் கட்டம் கட்டமாகப் பதித்து, காற்றைத் தடுத்து, நடுவே செடி வளர்த்ததும் அதே நாடுதான். அந்த வேலையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஜூலை 12

ஆடுகள் புகுந்து ஒரு வரிசையைக் கடித்துவிட்டன. வேலி போடலாம் என்றார்கள் சிலர். மேய்ப்பவர்களோடு பேசாமல் போடும் வேலி நிற்காது என்பது என் எண்ணம். அவர்களுக்கும் புல் வேண்டும். உட்கார்ந்து பேசினோம். இந்தப் பகுதியை இரண்டு பருவம் விட்டுவைப்பது, பிறைகளுக்கு நடுவே முளைக்கும் புல்லை அவர்களே அறுத்துக்கொள்வது என்று முடிவானது.

அப்புறம் அவர்களில் மூத்தவர் எங்களைக் கூட்டிப்போய்ச் சில புதர்களைக் காட்டினார். புதர் அல்ல, வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள். கீழே பழைய வேர் உயிரோடு இருக்கிறது. “எங்க ஆடு கடிக்கலைன்னா இது மரம்தான், ஐயா” என்றார். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் நட்ட கன்றுகள் பெரும்பாலும் கருகிப்போக, 1983 வாக்கில் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ கண்டுகொண்டதும் இதைத்தான். நல்ல தளிர்களை விட்டு மற்றதைக் கழித்துக் காத்தார்கள். விவசாயிகளின் கையால் அங்கே சுமார் 50 லட்சம் ஹெக்டேர் மீண்டும் மரம் கண்டது.

ஆகஸ்ட் 10

அடிக்கட்டைகளைக் கழித்துவிட்டோம். கன்றைவிட வேகமாக வளர்கின்றன.

2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கிய பெரும் பசுமைச் சுவரும் இப்படித்தான் மாறியது. சஹாரா பாலைவனத்தின் தெற்கோரமாகச் சுமார் 8,000 கிலோமீட்டருக்கு மரவரிசை என்ற நினைப்பு போய், வயல், மேய்ச்சல், காடு எல்லாம் சேர்ந்த நிலமீட்பாக இன்று நடக்கிறது. எங்கள் கணக்கேட்டிலும் ‘நட்டவை’ என்ற பத்தியை அடித்துவிட்டு ‘உயிரோடு உள்ளவை’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். எண்ணிக்கை சின்னதாகத் தெரியும், பரவாயில்லை.

கரை உடைந்த இடங்களில் மறுநடவு இல்லை. கரையைச் சரிசெய்த பிறகுதான். வறண்ட மாதங்களுக்குத் தண்ணீர் ஊற்ற முறைப்பட்டியல் தயாராகிறது. நடவு நாளில் வந்தவர்களில் பாதிப்பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மீதிப்பேரை அக்கா நாளை கூப்பிட்டுப் பேசுகிறார்.